உங்க ஆனை, எங்க மரம்

போன சித்திரையில் ராஜபாளையம் போயிருந்தேன். அய்யனார் கோவில் போகிற பாதையில், மலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே சித்தப்பாவுக்கு ஒரு தோப்பு இருக்கு. பாதி மா, பாதி தென்னை. நான் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின ராத்திரிதான் யானை வந்துட்டுப் போயிருந்தது. பதினோரு தென்னை சாய்ந்து கிடந்தது. காய்களைத் தொடவில்லை. மரத்தைத் தள்ளி, உச்சியைப் பிளந்து, உள்ளே இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றிருந்தது. ஒரு சப்பட்டை மாமரத்தில் ரெண்டு பெரிய கிளை முறிந்து தொங்கியது.

காலையில் பார்வையிட வந்த அலுவலரிடம் சித்தப்பா சொன்ன முதல் வாக்கியம்: "உங்க ஆனைதான் சார் வந்துச்சு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாடு வேலி தாண்டி வந்தால் சொல்கிற தொனி. வந்தவரும் "எங்க ஆனை இல்லைங்க" என்று மறுக்கவில்லை. குனிந்து மரங்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். அந்த 'உங்க' என்கிற சொல் பெங்களூர் திரும்பின பிறகும் என்னை விடவில்லை. காட்டு யானை எப்போதிருந்து 'உங்க ஆனை' ஆச்சு? அதற்கு முன்னால் அது யாரோட ஆனை? இந்தக் குறிப்பு அதைத் தேடிப்போனதில் கிடைத்தவை.

முதலில் ஒரு சொல் விளக்கம். எங்கள் பக்கம் யாராவது "காட்டுக்குப் போறேன்" என்றால் அவர் புலி பார்க்கப் போகவில்லை; பருத்திக்கோ சோளத்துக்கோ களை எடுக்கப் போகிறார். கரிசக்காடு, செவக்காடு, அவுக காடு, எங்க காடு. காடு என்றால் மானாவாரி நிலம். அதற்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அரசாங்கம் 'வனம்' என்று சொல்கிறதை ஊர்க்காரர்கள் 'மலை' என்றுதான் சொல்வார்கள். "மலையில மழை", "மலை மாடு", "மலைக்குப் போயிருக்கான்". இரண்டுக்கும் நடுவில் இருப்பது தோப்பு. மரம் இருக்கும், ஆனால் நட்டவர் பெயர் இருக்கும். வனத்துறைப் பலகையில் 'காடு' என்று படிக்கிறவருக்கும் தோப்புக்காரருக்கும் நடக்கிற பேச்சில் பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் போகிற செண்பகத்தோப்பைப் பாருங்கள். சாம்பல் நிற அணிலுக்காகப் பேர்போன இடம். இன்றைக்குப் புலிகள் காப்பகத்தின் முக்கியமான வாசல்களில் ஒன்று. ஆனால் பெயரிலேயே தோப்பு இருக்கிறது. மேலே காட்டழகர் கோயில், வழியில் பேச்சியம்மன். ராஜபாளையம் பக்கம் வந்தால் நீர்காத்த அய்யனார், சேத்தூர் பக்கம் போனால் சாஸ்தா கோவில். மலையிலிருந்து ஓடை இறங்குகிற வாய் ஒவ்வொன்றிலும் ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறது. அய்யனாருக்கு வாகனம் யானை என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டில் பல அய்யனார் கோவில்களில் மண் குதிரையோடு மண் யானையும் நிற்கும். ஆக என் கேள்விக்கு முதல் விடை சுலபமாகவே கிடைத்தது. அது அய்யனாரோட ஆனை. சாமி வாகனம் சோளத்தைத் தின்றால் யாரிடம் போய் நஷ்ட ஈடு கேட்பது?

இதைக் கேட்டு 'ஆகா, அந்தக் காலத்தில் மக்கள் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தார்கள்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே காட்டை வெட்டின கதைதான். வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர் சகோதரர்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. தம்பியைத் தேடி அலைந்து களைத்துத் தூங்குகிற வில்லியின் கனவில் பெருமாள் வந்து சொல்ல, அவன் காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்புகிறான். அதனால் வில்லிபுத்தூர். புலி அடித்த இடத்தில் காடழித்துப் பிறந்த ஊர், 2021ல் புலிகள் காப்பகத்துக்குப் பெயர் கொடுத்தது. அதே ஊரில் கோயில் மூலவர் ஆலிலைமேல் கிடக்கிற வடபத்ரசாயி, ஆண்டாள் கிடைத்தது துளசிச் செடியின் அடியில், அவள் கண்ட கல்யாணக் கனவில் மாப்பிள்ளை வருவது ஆயிரம் யானை சூழ. மரத்தையும் யானையையும் கும்பிடுவதும், காட்டை வெட்டுவதும் இங்கே ஒருபோதும் முரண்பாடாகத் தெரிந்ததில்லை.

யானை வயலில் இறங்குவதும் புதுசு இல்லை. குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் காக்கிற பெண்கள், பரண், கவண் எல்லாம் வருகின்றன. குறிஞ்சிப்பாட்டில் தலைவியை நோக்கி ஓடிவரும் மதயானையைத் தலைவன் அம்பெய்து விரட்டுகிறான். எனக்கு இதையெல்லாம் விடப் பிடித்தது புறநானூற்றின் 184ஆம் பாடல். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன புத்திமதி. ஒரு மாவுக்கும் குறைவான நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும். அதுவே தானாக வயலில் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் தின்றதைவிட மிதித்து நாசமானதுதான் மிச்சம். வரியையும் இப்படிக் கணக்குப் பார்த்து வாங்கு என்கிறார். நாம் இதை வரி பற்றிய பாட்டாக மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். ஆனால் அந்த உவமை வேலை செய்ய வேண்டுமானால், கேட்கிற ராஜாவுக்கும் ஊருக்கும் யானை புகுந்த வயல் எப்படி இருக்கும் என்று கண்ணால் தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா புறநானூறு படித்தவர் இல்லை. அவர் என்னிடம் சொன்னது: "திங்கட்டும்யா. வயித்துக்குத்தானே வருது. பதினோரு மரத்தைச் சாச்சு, திங்கிறது எவ்வளவு?"

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 'உங்க' என்கிற சொல்லின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாண அரசு காட்டு யானையைக் கொன்றால் வெகுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. பயிருக்குச் சேதம், ஆகவே தொல்லை விலங்கு என்பது கணக்கு. அப்புறம் அதே அரசுக்கு மரம் இழுக்கவும் ராணுவச் சுமை தூக்கவும் யானை வேண்டியிருந்தது. 1873ல் காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் போட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் இந்த வகையில் இது முன்னோடி. ஆறு வருஷம் கழித்து, 1879ல் மத்திய அரசும் யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்த 1879 சட்டத்தில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, உரிமம் இல்லாமல் பிடித்த யானையும், உரிமம் இல்லாமல் கொன்ற யானையின் தந்தமும் அரசாங்கத்தின் சொத்து. இரண்டு, தற்காப்புக்காகவோ, வீட்டையோ பயிரையோ அழித்துக்கொண்டிருக்கும்போதோ யானையைக் கொன்றால் குற்றம் இல்லை. அதாவது மலையில் இருக்கிற வரை சர்க்கார் யானை. வயலுக்குள் கால் வைத்தால் குடியானவனுக்குத் துப்பாக்கி எடுக்க இடம் உண்டு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1977ல் யானை அதன் முதல் அட்டவணைக்குப் போனதும் இந்த இரண்டாவது வாசலை மூடிவிட்டன. மனித உயிருக்கு ஆபத்து என்றால்தான் பேச்சு. அதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளர் முடிவு செய்ய வேண்டும். பயிர்ச் சேதம் காரணமே ஆகாது. யானைகளின் பக்கம் நின்று பார்த்தால் இது அவசியமான மாற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தந்தத்துக்காக ஆண் யானைகளைத் தென்னிந்தியா எவ்வளவு இழந்தது என்பது தெரிந்த கதை. ஆனால் தோப்பில் நின்று பார்த்தால் மாற்றத்தின் அர்த்தம் வேறு. முன்னால் அய்யனாரோட ஆனை. அப்புறம் பாதி சர்க்கார் ஆனை. இப்போது முழுசா உங்க ஆனை. முழுசாக உங்களுடையது என்றால் அது செய்கிற சேதமும் உங்களுடையதுதானே? சித்தப்பாவின் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

மரத்தின் கதையும் இதே மாதிரிதான், ஆனால் இன்னும் சிக்கல். 1882 சென்னை வனச் சட்டம் வந்தபோது ரயத்துவாரிப் பகுதி மலைகள் ஒவ்வொன்றாக 'ரிசர்வ்' ஆயின. சேத்தூர், சிவகிரி மாதிரி ஜமீன்களின் மலைகள் ஜமீன்தாரிடமே இருந்தன. ஜமீன் ஒழியப்போகிறது என்று தெரிந்ததும் மாகாணம் முழுக்கப் பல ஜமீன்தார்கள் போகிறவரை லாபம் என்று மரங்களை விற்க ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அடுத்து 1949ல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டவோ விற்கவோ கூடாது. 1955ல் மலைப்பகுதி மரங்களுக்கு ஒரு சட்டம். 1994ல் ஈட்டி மரத்துக்கென்றே ஒரு சட்டம், அது உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாதபடி.

இன்னொரு பக்கம், தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் '2சி பட்டா' என்று ஒன்று இருக்கிறது. நிலம் புறம்போக்கு, அரசாங்கத்துடையது; ஆனால் அதில் நிற்கிற புளியமரத்தையோ பனையையோ அனுபவிக்கிற உரிமை மட்டும் ஒருவருக்கு. நிலமில்லாமல் மரத்துக்கு மட்டும் பட்டா! நான் முதலில் கேள்விப்பட்டபோது நம்பவில்லை. மரம் வேறு, மண் வேறு, மகசூல் வேறு, மூன்றுக்கும் மூன்று சொந்தக்காரர்கள் இருக்கலாம் என்பது இந்த ஊர்களில் பழகிய சிந்தனை. அப்படிப் பழகினவர்களிடம் 'மரங்கள் நம் எல்லோருக்கும் சொந்தம்' என்று சுவரில் எழுதிவைத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

1988 டிசம்பரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 485 சதுர கிலோமீட்டர். உலகத்தில் இந்த அணில் தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. மரத்தை விட்டுத் தரையில் இறங்க விரும்பாத பிராணி. கிளையோடு கிளை பின்னிக்கிடந்தால்தான் அதற்குப் பாதை. மலையடிவாரத்து ஓடைக்கரைகளில் அப்படிக் கிடந்தது. ஓடைக்கரையை ஒட்டி மனுஷர்கள் வைத்த மா, புளியிலும் அது கூடு கட்டிக்கொண்டது. இங்கே ஜே. ஜோஷுவாவும் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் அழகர் கோயில் பள்ளத்தாக்கில் செய்து 1994ல் வெளியிட்ட ஆய்வைக் குறிப்பிட வேண்டும். இந்த அணிலின் வாழிடத்தில் மனிதர்கள் ஏற்படுத்தும் தொந்தரவு பற்றியது அது. நாங்குநேரிக்காரரான ஜான்சிங், பின்னாளில் இந்தியாவின் பெரிய வனவிலங்கு அறிஞர்களில் ஒருவர் ஆனவர், அதற்கெல்லாம் முன்னால் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். எங்கள் மலைக்கு ஏறி இறங்கினவர். 2024 ஜூனில் காலமானார். ஊரில் கேட்டுப்பாருங்கள், சினிமாக்காரர் எவர் இங்கே வந்துபோனார் என்பது தெரியும், இவரைத் தெரியாது.

அணிலை ஊர் எப்படிப் பார்க்கிறது? பெரிதாக வெறுப்பு இல்லை. மாங்காயைக் கடிக்கும், இளநீரில் ஓட்டை போடும், விரட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு மரத்தில் பத்துக் காய் போகும்; மரம் நிற்கும். யானை வந்தால் மரமே போகும். இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தாமதமாக ஒன்று உறைத்தது. தாத்தா காலத்தில் அதே நிலத்தில் தென்னை கிடையாது. சோளமும் நிலக்கடலையும்தான். கிணற்றுக்கு மோட்டார் வந்த பிறகு அப்பாவும் சித்தப்பாவும் தென்னை வைத்தார்கள். சோளத்தை யானை மிதித்தால் ஒரு வெள்ளாமை போச்சு, அடுத்த மழைக்கு மறுபடி விதைக்கலாம். தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருஷம். அப்புறம் ஐம்பது அறுபது வருஷம் காய்க்கும். சாய்ந்தால் போவது ஒரு வெள்ளாமை இல்லை, பிள்ளைக்கென்று வைத்த சொத்து. இன்னொன்று, சோளம் அறுத்த பிறகு யானைக்கு அங்கே வேலை இல்லை. தோப்பு பன்னிரண்டு மாசமும் பச்சை, பக்கத்திலேயே தண்ணீர். நாளுக்கு நூற்றைம்பது கிலோ தீனி தேட வேண்டிய பிராணிக்கு இது வழியில் திறந்த கடை. யானை மாறவில்லை, நாங்கள் வைத்த மரம் மாறிவிட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்போ எங்கப்பன் மாதிரி கம்மங்கூழ் குடிக்கச் சொல்றியா? நீ குடிப்பியா?" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

2003ல் இந்த மலையும் சுற்றுப்புறமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் யானைக் காப்பகம் ஆனது, 1,249 சதுர கிலோமீட்டர். யானைக் காப்பகம் என்பதற்கு 1972 சட்டத்தில் தனி அந்தஸ்து கிடையாது. அது ஒரு நிர்வாக ஏற்பாடு. அதனால் ஊர்க்காரர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. 2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தையும் அணில் சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தபோதுதான் கவனித்தார்கள். இந்தியாவின் 51வது, தமிழகத்தின் 5வது. 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். அடுத்த வருஷம் மலைமாடு மேய்ச்சல் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகங்களுக்கு என்று சுருக்கப்பட்டது. எங்கள் மலை அந்தச் சுருக்கத்துக்குள்ளும் இருக்கிறது. விறகு, தழை, மாடு என்று மலைக்குள் போய்வந்தவர்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்கள். யானை மட்டும் இரண்டு பக்கமும் போய்வருகிறது. "எங்களுக்குக் கோடு, அதுக்கு இல்லை" என்று ஒரு தோப்புக் காவல்காரர் சொன்னார்.

மலைக்குள்ளேயே இருக்கிற பளியர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு. 1960களின் தொடக்கத்தில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் சண்டை வந்தால் விலகிப் போய்விடுகிற மக்கள் என்று எழுதினார். யானையிடமும் அவர்கள் முறை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேன், கிழங்கு என்று தேடிப்போகிறவருக்கு விலகிப்போக முடியும். வேர் விட்ட பதினோரு தென்னையை வைத்துக்கொண்டு சித்தப்பா எங்கே விலகுவார்?

யானையை விரட்ட என்ன செய்கிறார்கள்? டின் தட்டுவது, டார்ச், பந்தம், வெடி. சிவகாசி பக்கத்தில்தான் என்பதால் வெடிக்குப் பஞ்சமில்லை. (நாங்கள் சின்ன வயசில் வெடித்த பெரிய வெடிக்கு 'ஆனை வெடி' என்றே பெயர்.) கொஞ்ச நாளில் யானை அதற்குப் பழகிவிடுகிறது. அகழி வெட்டினால் ஓடை குறுக்கிடுகிற இடத்தில் மழைக்குச் சரிந்து வழி கிடைத்துவிடும்.

அப்புறம் கம்பி. இதில் மட்டும் என் படிப்புக்கு வேலை இருந்தது. சூரிய மின்வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். ஆனால் தொடர்ச்சியாக இல்லை, நொடிக்கொருமுறை ஒரு சிறு துடிப்பு. சுரீர் என்று அடிக்கும், தசை விடுபட நேரம் கிடைக்கும், யானை விலகிவிடும். மோட்டார் ரூமிலிருந்து நேராக இழுக்கிற 230 வோல்ட் கம்பி அப்படி இல்லை. அது விடாது. யானையும் சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப்போகிற மனுஷனும் சாவான். மின்வேலிகளைப் பதிவு செய்ய 2023ல் தமிழக அரசு விதிமுறைகள் கொண்டுவந்ததற்குக் காரணம் இந்த மாதிரிச் சாவுகள்தான். அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் வந்து, "ஒரு ராத்திரிக்கு மட்டும் லைன் குடுத்தா போதும்ணே, அப்புறம் இந்தப் பக்கமே வராது" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மேலே எழுதினதை எல்லாம் விளக்கிச் சொன்னேன். பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார். சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அய்யனாருக்கு வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம். அவர் வாகனத்துக்குக் கரண்டு குடுக்கிறதா?" என்றார். என் பொறியியலைவிட அவருக்கு இதுதான் காரணமாக இருந்தது. எப்படியோ, லைன் போகவில்லை.

ஊரில் இன்னொரு யானையும் இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதா. அசாமிலிருந்து வந்தது. புலிகள் காப்பகம் அறிவித்த அதே 2021 பிப்ரவரியில்தான் தேக்கம்பட்டி முகாமில் பாகன்கள் அதை அடித்த வீடியோ வெளிவந்தது. 2022ல் அசாம் அரசு யானையைத் திருப்பிக் கேட்டு அதிகாரிகளை அனுப்பியது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்ட பேச்சில் எல்லாம் ஒரே வார்த்தை: "எங்க ஆனை." யானையை அடித்ததைப் பற்றிக் கேட்டால் முகம் சுருங்கியது, ஆனால் கொடுத்துவிடலாமா என்றால் "எங்க ஆனையை எப்படிக் கொடுக்கிறது?" ரத வீதியில் நடக்கிற யானை எங்க ஆனை, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மலையில் நடக்கிறது உங்க ஆனை. முதலாவதற்குப் பெயர் இருக்கிறது, தெருக் குழந்தைகளுக்கு அதைத் தெரியும். ரெண்டாவதற்கு மனு நமூனாவில் ஒரு கட்டம் இருக்கிறது.

அந்த மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் சித்தப்பா மலை ஓரத்து வரிசையில் தென்னை வைக்கவில்லை, யானை அவ்வளவாகத் தொடாது என்று கேள்விப்பட்டு எலுமிச்சை வைத்திருக்கிறார். கிளை முறிந்த சப்பட்டையை வெட்டிவிடலாமே, அதன் வாசனைக்குத்தானே வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தாத்தா வைத்தது, முடியாது என்றாராம்.

அடுத்த தடவை போகும்போது கிராமக் கணக்கில் பழைய அடங்கல் கிடைக்கிறதா பார்க்க வேண்டும். எந்தப் பசலியில் சோளம் நின்று தென்னை வந்தது என்று அதில் இருக்கும். கிடைத்தால் தனிப் பதிவாக எழுதுகிறேன். உங்கள் ஊர் அடிவாரத்திலும் இப்படிப் பயிர் மாறின கதை இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள், வருஷம் தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை.